தென்னாப்பிரிக்காவில் புது வீடு: கரண்ட், தண்ணீர், கேஸ், ஃபைபர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் வீடு மாறும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கோயில் பணிக்கு வந்த குருக்கள், சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்து இப்போதுதான் தனிக்குடித்தனம் போகும் பிள்ளைகள் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மீட்டரும், அதன் மேலிருக்கும் பாக்கியும், சுவரிலுள்ள ஃபைபர் பெட்டியும் வீட்டோடு சேர்ந்தவை. குடியிருப்பவர் மாறினாலும் அவை மாறாது. இது தெரியாமல் சாவி வாங்குவதில்தான் பாதிச் சிக்கல் ஆரம்பமாகிறது.

சாவி வாங்குற அன்னைக்கு முதல்ல என்ன பாக்கணும்?

கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் போனில் படம் எடுங்கள். மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதை அன்றைக்கே வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். பிறகு வரும் எந்தத் தகராறிலும் தேதியோடு இருக்கும் அந்தப் படம்தான் உங்களுக்குச் சாட்சி.

அடுத்து மூன்று இடங்களைக் காட்டச் சொல்லுங்கள்: டிபி போர்டு (வீட்டின் மின் சுவிட்சுகள் மொத்தமும் இருக்கும் பெட்டி), தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் ஸ்டாப்காக், கீசர். இரவு 11 மணிக்குக் குழாய் உடைந்தால் ஸ்டாப்காக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. புல் மூடிப்போன இரும்பு மூடிக்குக் கீழே இருக்கும். பல வீடுகளில் திருகவே வராத அளவுக்கு இறுகியிருக்கும். அன்றைக்கே ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். வாடகை வீட்டுச் சட்டப்படி (1999) குடிவரும்போதும் காலி செய்யும்போதும் இருதரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளிலேயே ரீடிங்கையும் எழுதிவிடுங்கள்.

கரண்ட் ப்ரீபெய்டா, மாசா மாசம் பில்லான்னு எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் எண் பொத்தான்கள் உள்ள சின்னப் பெட்டி இருந்தால் ப்ரீபெய்ட். சில வீடுகளில் அந்தப் பெட்டி சமையலறையில் இருக்கும், உண்மையான மீட்டர் தெருக்கம்பத்திலோ வெளிச்சுவரிலோ இருக்கும். பொத்தான் எதுவும் இல்லாமல் வெளியே சுழலும் எண்கள் மட்டும் இருந்தால் பில் கணக்கு.

கரண்ட் யாருடையது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டர்பனில் பெரும்பாலும் ஈதெக்வினி மாநகராட்சி. ஜோகன்னஸ்பர்க்கில் சிட்டி பவர். ஆனால் சொவேட்டோ, சாண்ட்டன் போன்ற பகுதிகளில் நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காம் நேரடியாகவே கொடுக்கிறது. பழுது சொல்லக் கூப்பிட வேண்டிய எண் இதைப் பொறுத்து மாறும். நகராட்சி விலை ஜூலை 1 அன்றும், எஸ்காம் நேரடி வாடிக்கையாளர் விலை ஏப்ரல் 1 அன்றும் ஏறும்.

டோக்கன் எங்க வாங்கணும்? எப்படிப் போடணும்?

சூப்பர் மார்க்கெட் கவுன்டர், பெட்ரோல் பங்க், வங்கி ஆப் எதிலும் வாங்கலாம். 11 இலக்க மீட்டர் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் 20 இலக்க டோக்கன் வரும். அதைப் பொத்தானில் அடித்து என்டர் செய்தால் யூனிட் ஏறும். ஒரு யூனிட் என்பது ஊரில் உள்ளதுபோல ஒரு கிலோவாட் மணிதான்.

ஒரு டோக்கன் ஒரே ஒரு மீட்டருக்கு மட்டும்தான் செல்லும். மீட்டர் எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் பணம் வேறு வீட்டுக்குப் போய்விடும். திரும்ப வாங்குவது பெரும்பாடு. முதல் தடவை குறைந்த தொகைக்கு வாங்கிப் பாருங்கள். கடை ரசீதில் வரும் பெயரோ முகவரியோ உங்கள் வீட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

20 நம்பரையும் சரியாத்தான் அடிச்சேன், மீட்டர் ஏத்துக்கல. என்ன பண்றது?

ஏற்கெனவே போட்ட டோக்கனையே மறுபடி போட்டிருக்கலாம், வேறு மீட்டருடைய டோக்கனாக இருக்கலாம், அவசரத்தில் எண் இடம் மாறியிருக்கலாம். பல மீட்டர்கள் சில தவறான முயற்சிக்குப் பிறகு கொஞ்ச நேரம் எதையும் ஏற்காது. அரைமணி விட்டு நிதானமாக அடியுங்கள்.

ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த வீடென்றால் காரணம் வேறாக இருக்கலாம். இங்குள்ள ப்ரீபெய்ட் மீட்டர்கள் எஸ்டிஎஸ் என்ற முறையில் இயங்குகின்றன. ஒவ்வொரு டோக்கனுக்குள்ளும் 1993 தொடக்கத்திலிருந்து நிமிடக் கணக்கில் ஓடும் ஒரு நேர எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2024 நவம்பர் 24 அன்று தீர்ந்துவிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு மீட்டரிலும் 20 இலக்கம் கொண்ட இரண்டு மாற்று எண்களை வரிசையாக அடித்துப் புதுப்பித்திருக்க வேண்டும். அடிக்காத மீட்டர் இன்று எந்தப் புது டோக்கனையும் ஏற்காது.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி: “கடைசியாக எப்போது டோக்கன் போட்டு யூனிட் ஏறியது?” என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு தடவையாவது ஏறியிருந்தால் மீட்டர் புதுப்பிக்கப்பட்டதுதான். இல்லையென்றால் மீட்டர் எண்ணோடு நகராட்சி அலுவலகம் போய் மாற்று எண்களைக் கேட்க வேண்டும். முதல் எண், இரண்டாம் எண், அதன் பிறகே வாங்கிய டோக்கன். இந்த வரிசை மாறக்கூடாது.

ஞாயித்துக்கிழமை காலைல நல்ல நேரத்துல பால் காய்ச்சணும். எல்லாம் ரெடியா இருக்க என்ன செய்யணும் அண்ணா?

முந்தைய கேள்வியில் சொன்ன சோதனையை வேலை நாளிலேயே முடித்துவிடுங்கள். சனி, ஞாயிறில் நகராட்சிக் கவுன்டர் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. டோக்கனையும் முந்தின நாளே போட்டுவிடுங்கள்.

அடுப்பு எரியவில்லை என்று பதறி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்கு முன், அடுப்புக்குப் பக்கச் சுவரில் உள்ள பெரிய ஐசோலேட்டர் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். காலி வீட்டில் பெரும்பாலும் அணைத்து வைத்திருப்பார்கள். அடுப்பு இண்டக்ஷன் என்றால் வெண்கலப் பானையும் பித்தளைச் சொம்பும் சூடாகாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அதில் வேலை செய்யும். கண்ணாடி மேல்தளம் உள்ள அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் கருகிப் பிடித்துக்கொள்ளும். பொங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்கள் கையடக்க கேஸ் அடுப்பை வைத்து, சன்னலைத் திறந்துவிட்டுக் காய்ச்சலாம்.

வாடகைக்கு வந்திருக்கேன். கணக்கை என் பேருக்கு மாத்தணுமா?

இப்போது பல நகராட்சிகள் வீட்டு உரிமையாளர் பெயரில் மட்டுமே கணக்கு வைக்கின்றன. அப்படியென்றால் பில் அவருக்குப் போகும், அவர் உங்களிடம் வாங்கிக்கொள்வார். பில்லின் நகலை மாதாமாதம் அனுப்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். “தண்ணீருக்கு இவ்வளவு” என்று வாயால் சொல்லும் கணக்கை ஏற்க வேண்டாம்.

உங்கள் பெயரில் திறக்க அனுமதிக்கும் ஊரென்றால் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், டெபாசிட் தேவைப்படும். காலி செய்யும்போது அந்தக் கணக்கை நீங்களே எழுத்தில் மூட வேண்டும். மூடாவிட்டால் அடுத்து வருபவரின் செலவும் உங்கள் பெயரில் ஏறும்.

எல்லா இடத்துலயும் முகவரிச் சான்று கேக்குறாங்க. பில்லே என் பேர்ல இல்லையே?

சிம் கார்டுக்கு ரீக்கா சட்டப்படியும், வங்கிக்கு ஃபீக்கா சட்டப்படியும் முகவரிச் சான்று கேட்கிறார்கள். பொதுவாக மூன்று மாதத்துக்குள் வந்த பில் வேண்டும். பில் உங்கள் பெயரில் இல்லையென்றால் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் பல இடங்களில் போதும். அதுவும் போதாது என்றால், “இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்” என்று உரிமையாளர் எழுதித் தரும் பிரமாண வாக்குமூலத்தோடு அவருடைய பில் நகலையும் அடையாள அட்டை நகலையும் சேர்த்துக் கொடுங்கள். வாக்குமூலத்துக்கு எந்தக் காவல் நிலையத்திலும் காசில்லாமல் முத்திரை வைத்துத் தருவார்கள். உரிமையாளர் நேரில் போய், அதிகாரி முன்னால்தான் கையெழுத்திட வேண்டும்.

ஊர்லேந்து கொண்டுவந்த மிக்ஸி, கிரைண்டர் இங்க ஓடுமா?

ஓடும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை. வேறுபாடு பிளக்கில்தான். இங்குள்ள வழக்கமான சாக்கெட் தடித்த மூன்று உருண்டைக் கம்பி கொண்டது. ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் 16 ஆம்பியர் பெரிய பிளக் அப்படியே பொருந்தும், மிக்ஸியின் சின்ன பிளக் பொருந்தாது.

அடாப்டரில் காலம் தள்ளுவதைவிட சின்ன பிளக்கை வெட்டிவிட்டு இந்த ஊர் பிளக்கை மாட்டுவது நல்லது. பழுப்பு ஒயர் ‘எல்’ என்ற முனைக்கு, நீலம் ‘என்’ முனைக்கு, பச்சை மஞ்சள் கோடு போட்டது மேலுள்ள பெரிய எர்த் கம்பிக்கு. ஒயரின் வெளி உறை பிளக்குக்குள் உள்ள பிடியில் இறுகியிருக்க வேண்டும். இழுத்தால் உள் ஒயர் தெரிகிறது என்றால் மறுபடி மாட்டுங்கள். ஒரே மல்டிபிளக்கில் கெட்டில், ஹீட்டர் இரண்டையும் போடவே கூடாது. தலா 2,000 வாட் எடுப்பவை அவை. பிளக் உருகிக் கறுத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

கேஸ் சிலிண்டர் எப்படி வாங்கறது? ஊர் மாதிரி புக் பண்ணணுமா?

புத்தகம், பதிவு எதுவும் கிடையாது. கடையில் ஒரு தடவை டெபாசிட் கட்டி 9, 19 அல்லது 48 கிலோ சிலிண்டர் வாங்க வேண்டும். காலியானதும் கொடுத்துவிட்டு நிரம்பியதை மாற்றிக்கொள்ள வேண்டும். அதே நிறுவனத்தின் சிலிண்டரைத்தான் பல கடைகள் மாற்றித் தரும் என்பதால், வீட்டுக்குப் பக்கத்தில் எது கிடைக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அதிகபட்ச விலையை அரசு மாதாமாதம், முதல் புதன்கிழமை மாற்றுகிறது.

ரெகுலேட்டர் ஊரில் உள்ளதுபோல் அழுத்தி மாட்டுவதல்ல, திருகு வகை. அதிலும் இடக்கை மரை: இறுக்க வேண்டுமானால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். வழக்கம்போல வலப்பக்கம் திருகி மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். மாட்டியதும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் மூடிய அலமாரியும் வடிகால் பக்கமும் சிலிண்டருக்கு ஏற்ற இடம் அல்ல. ஃபிளாட்டில் குடியிருந்தால் சிலிண்டர் வைக்க பாடி கார்ப்பரேட் (ஃபிளாட் உரிமையாளர் சங்கம்) அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஊர் கேஸ் அடுப்பையே வச்சுக்கலாமா?

இரு நாட்டிலும் வீட்டு கேஸ் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இங்கே 2.8 கிலோபாஸ்கல், ஊரில் சற்றே கூடுதல். அதனால் எரியத்தான் செய்யும். ஆனாலும் வேண்டாம் என்போம். இங்கே விற்கும் அடுப்புக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் கருவி அதில் இருக்கும். ஊர் அடுப்புகள் பலவற்றில் அது இல்லை. குழாய் பதித்து நிரந்தரமாக மாட்டினால் பதிவு பெற்ற கேஸ் பொருத்துநரின் சான்றிதழ் கட்டாயம், அனுமதி இல்லாத அடுப்புக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார். தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் அந்தச் சான்றிதழைத்தான்.

கரண்ட் யூனிட் தண்ணியா ஓடுது. ரெண்டு பேருதான் இருக்கோம், எது இவ்வளவு இழுக்குது?

பெரும்பாலும் கீசர். ஊரில் குளிக்கும் நேரத்துக்குப் போட்டு அணைக்கும் 15 லிட்டர் கீசர் பழகியவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. இங்கே கூரைக்குள் இருப்பது பொதுவாக 150 லிட்டர், 3 கிலோவாட். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு முழுத் தொட்டியும் சூடாக ஏறத்தாழ 7 யூனிட் ஆகும், இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். யாரும் குளிக்காவிட்டாலும் குளிரும் வெப்பத்தை ஈடுகட்ட நாள் முழுக்க இடையிடையே எரிந்துகொண்டே இருக்கும்.

டிபி போர்டில் கீசருக்குத் தனி சுவிட்ச் உண்டு. காலையில் குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட்டு, குளித்ததும் அணைத்தால் போதும். எலக்ட்ரீஷியனை வைத்து டைமர் மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதைவிட நிறையக் குறைத்தால் தொட்டிக்குள் லெஜியோனெல்லா கிருமி வளர இடமாகும். கூரைக்குள் உள்ள சுடுநீர்க் குழாய்க்கு நுரை உறை போடுவது சின்னச் செலவு, பலன் உடனே தெரியும்.

வெளிச்சுவர்ல ஒரு குழாயிலேந்து சொட்டு சொட்டா வெந்நீர் விழுது. கீசர் உடைஞ்சிருச்சா?

உடனே பயப்பட வேண்டாம். தண்ணீர் சூடாகி விரியும்போது பாதுகாப்பு வால்வு கொஞ்சம் வெளியேற்றும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டுவது இயல்பு. நாள் முழுக்க ஓடினால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வோ, தெர்மோஸ்டாட்டோ பழுதாகியிருக்கலாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். அந்தக் குழாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால் தொட்டிக்குள் அழுத்தம் போக வழியில்லாமல் வெடிக்கும்.

கூரையிலிருந்து தண்ணீர் கொட்டினால் வரிசை இது: டிபியில் கீசர் சுவிட்சை அணைத்து, ஸ்டாப்காக்கை மூடி, ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு, உரிமையாளரைக் கூப்பிடுங்கள். கீசர் வீட்டோடு சேர்ந்தது, அதன் காப்பீடு உரிமையாளருடையது.

எர்த் லீக்கேஜ் அடிக்கடி ட்ரிப் ஆகுது. எதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

டிபி போர்டில் சோதனைப் பொத்தானோடு இருக்கும் பெரிய சுவிட்ச் அது. 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் வழிமாறிக் கசிந்தால் வீட்டையே அணைத்துவிடும். உயிர் காக்கும் கருவி, அதை நிறுத்திவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கண்டுபிடிக்க, எல்லாச் சுவிட்சையும் அணைத்து எர்த் லீக்கேஜை மேலே தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. கீசர் எலிமென்ட், கெட்டில், அயர்ன் பாக்ஸ், மழையில் நனைந்த வெளிவிளக்கு ஆகியவைதான் வழக்கமான காரணங்கள்.

எல்லாம் அணைத்த பிறகும் விழுகிறதா? சின்னச் சுவிட்சுகள் லைவ் ஒயரை மட்டுமே துண்டிக்கின்றன, நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ட்ரிப் ஆகும். எல்லாப் பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் சுவருக்குள் உள்ள ஒயரிங்கில் கோளாறு, எலக்ட்ரீஷியன் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணி பில் திடீர்னு ரெண்டு மடங்கு வந்திருக்கு. லீக்கா, கணக்குத் தப்பா?

பில்லில் ரீடிங் உண்மையாகப் பார்த்து எழுதியதா, உத்தேசக் கணக்கா என்று முதலில் பாருங்கள். பல மாதம் உத்தேசமாகப் போட்டுவிட்டு ஒருநாள் சேர்த்துப் பிடிப்பது உண்டு. குடிவந்த அன்று எடுத்த படம் இங்கேதான் கைகொடுக்கும். மீட்டரில் கறுப்பு எண்கள் கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். சிவப்பு எண்கள் அதற்குக் கீழுள்ள லிட்டர் கணக்கு. பில் கிலோலிட்டரில் வரும்.

அடுத்து, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் சிறு சக்கரத்தைக் கவனியுங்கள். சுற்றினால் லீக். வீட்டுக்குள் வரும் வால்வை மூடியதும் நின்றுவிட்டால் கோளாறு வீட்டுக்குள், நிற்காவிட்டால் மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்குள். மீட்டரைத் தாண்டி வரும் லீக் உரிமையாளர் பொறுப்பு. சத்தமில்லாமல் அதிகம் தண்ணீரைக் குடிப்பது டாய்லெட் தொட்டி. அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது.

எங்க ஏரியாவுல அடிக்கடி தண்ணி நின்னுடுது. தொட்டி வைக்கலாமா?

டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட், ஃபீனிக்ஸ் பக்கம் குடிவருபவர்கள் அவசியம் யோசிக்க வேண்டிய விஷயம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி, அந்த ஊர் பல மாதம் டேங்கர் தண்ணீரை நம்பி இருந்தது. வீட்டை ஒப்புக்கொள்ளும் முன் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஏஜென்டைவிட எதிர்வீட்டு அக்கா சரியாகச் சொல்வார்.

2,500 லிட்டர் தொட்டி நிரம்பினால் இரண்டரை டன் எடை. சமதளமான, கெட்டியான கான்கிரீட் மேடை வேண்டும். ஒரு பக்கம் மண் அமுங்கினாலே சாய்ந்து குழாய் பிடுங்கிக்கொள்ளும். நகராட்சிக் குழாயோடு இணைக்கும்போது பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் குழாயில் அழுத்தம் குறையும்போது உங்கள் தொட்டித் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் போகும். பம்ப் கரண்டில் ஓடுவது, கரண்ட் போனால் தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் குழாயில் வராது. அதனால் அடியில் கைக்குழாய் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நின்றதும் கீசரை அணைத்துவிடுங்கள். திரும்ப வந்ததும் முதலில் தோட்டத்துக் குழாயைத் திறந்து, காற்றும் பழுப்புத் தண்ணீரும் போகும்வரை விடுங்கள்.

ஃபைபர் போட யாரைக் கூப்பிடணும்?

இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். தெருவில் கம்பி பதித்தவர் ஒருவர்: ஓபன்சர்வ், வுமாடெல், ஃப்ராக்ஃபுட் போன்றவர்கள். அந்தக் கம்பியில் இணையம் விற்பவர் இன்னொருவர். உங்கள் தெருவில் யாருடைய கம்பி என்பதை முகவரி போட்டுப் பார்த்துவிட்டு, அதில் விற்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவரில் துளையிட வேண்டியிருந்தால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் தேவை.

முன்பு இருந்தவர் தன் இணைப்பை ரத்து செய்யாமல் போயிருந்தால் உங்கள் ஆர்டர் நிராகரிக்கப்படும். அடிக்கடி நடப்பது இது. சுவரில் உள்ள சின்னப் பெட்டியின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பி, பழைய இணைப்பை விடுவிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி வீட்டோடு இருக்க வேண்டியது. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகாதீர்கள். அதில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பியில் பிரச்சினை, ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் வராது. ஒரு வருடத்துக்குள் ரத்து செய்தால் இணைப்புச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் முன்பே கேளுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு, பெட்டி, ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும்.

டிவிக்கு லைசென்ஸ் வேணுமாமே, நிஜமா?

நிஜம்தான். அரசு ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியின் டிவி லைசென்ஸ் வருடத்துக்கு 265 ராண்ட். கடையில் டிவி வாங்கும்போதே கேட்பார்கள்.

குப்பை என்னைக்கு, எந்தப் பையில?

டர்பனில் வாரம் ஒரு நாள். வீட்டுக் குப்பைக்குக் கறுப்புப் பை, காகிதம், பிளாஸ்டிக்குக்கு ஆரஞ்சு, தோட்டக் குப்பைக்கு நீலம். முந்தின இரவே வெளியே வைக்காதீர்கள். குரங்குகள் விடிந்ததும் வந்து பையைக் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் சக்கரம் வைத்த 240 லிட்டர் தொட்டி. அது வீட்டுக்கு உரியது, இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள்.

காம்ப்ளெக்ஸ்ல இருக்கோம். பக்கத்து வீட்டு டோக்கனைவிட எங்களுக்கு யூனிட் கம்மியா வருது, ஏன்?

உங்கள் மீட்டர் நகராட்சியுடையதாக இல்லாமல், பாடி கார்ப்பரேட்டோ உரிமையாளரோ வைத்த தனியார் சப் மீட்டராக இருக்கலாம். அவர்கள் மொத்தமாக வாங்கி உங்களுக்கு விற்கிறார்கள், நடுவில் சேவைக் கட்டணம் என்று ஒன்றைப் பிடிக்கிறார்கள். ரசீதில் யூனிட் விலை, சேவைக் கட்டணம், வாட் (VAT) வரி மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். யூனிட் விலையை நகராட்சியின் அந்த வருட விலைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதற்கு மேல் இருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

நகராட்சி மீட்டராகவே இருந்தும் யூனிட் குறைகிறது என்றால், பழைய பாக்கிக்காக ஒவ்வொரு கொள்முதலிலும் ஒரு பங்கைப் பிடிக்கிறார்களா பாருங்கள். பல நகராட்சிகள் அப்படிச் செய்கின்றன. அந்தப் பாக்கி உங்களுடையதல்ல என்பதைக் குடிவந்த தேதியோடு உரிமையாளருக்கு எழுதுங்கள், பிடித்த தொகையை வாடகையில் எப்படி ஈடு செய்வது என்பதை அவரோடு எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாடகை ரெண்டு வாரம் லேட்டாச்சு, வீட்டுக்காரர் கரண்டைக் கட் பண்ணிட்டார். பண்ணலாமா?

கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உரிமையாளர் தானாகவே கரண்டையோ தண்ணீரையோ துண்டிப்பது சட்டவிரோதம். வாடகை பாக்கி என்பது தனி விவகாரம். மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தம், வாடகை கட்டிய ரசீதுகள், துண்டித்த தேதி, வாட்ஸாப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

உரிமையாளர் நகராட்சிக்குக் கட்டாததால் நகராட்சியே துண்டிக்க வந்தாலும் உங்களுக்கு உரிமை உண்டு. 2009-இல் ஜோகன்னஸ்பர்க் வாடகைதாரர்கள் தொடர்ந்த ஜோசப் வழக்கில், குடியிருப்பவர்களுக்கும் முன்னறிவிப்பு கொடுத்த பிறகே துண்டிக்க வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. அதில் குறிப்பிட்ட கால அளவு 14 நாள்.

ஊர்ல மாதிரி ஒரு இன்வெர்ட்டர், பேட்டரி வாங்கி நானே மாட்டிக்கலாமா?

சுவர் சாக்கெட்டில் செருகிச் சார்ஜ் செய்து, விளக்கையும் ரவுட்டரையும் நேராக அதிலேயே மாட்டும் தனிப்பெட்டி வகை என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். டிபி போர்டில் இணைக்கும் எதுவும் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டியது. சோலாரோடு சேர்த்து வைத்தால் நகராட்சியிலும் பதிய வேண்டும். இன்வெர்ட்டரின் வெளிமுனையை ஆண் பிளக் வைத்துச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க கரண்ட் கொடுக்கும் வித்தையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கும்.

2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி வாங்கினார்கள். இப்போது நிலைமை அப்போதைப்போல் இல்லை. வாடகை வீட்டில் பெரிய செலவு வேண்டாம். கரண்ட் திரும்ப வரும்போது எழும் மின்னோட்டத் துள்ளலிலிருந்து ஃபிரிட்ஜையும் டிவியையும் காக்கும் சர்ஜ் பிளக்கை முதலில் வாங்குங்கள்.

வீடு விலைக்கு வாங்குறோம். என்னென்ன சான்றிதழ் கேக்கணும்?

மின் ஒயரிங்குக்கான சிஓசி சான்றிதழ் கட்டாயம். உரிமை மாறும்போது அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஒரு பக்கத் தாளை மட்டும் நீட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சோதனை அறிக்கையும் சேர்ந்திருந்தால்தான் செல்லும். அதற்குப் பிறகு புது அறையோ, வெளிவிளக்கோ சேர்த்திருந்தால் அந்த வேலைக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். குழாய் வழி கேஸ் இருந்தால் கேஸ் சான்றிதழ், மின்வேலி இருந்தால் அதற்கும் ஒன்று. கேப் டவுனில் பிளம்பிங் சான்றிதழும் உண்டு. டர்பன் போன்ற கடலோர ஊர்களில் மரத்தைத் துளைக்கும் வண்டுக்கான சான்றிதழை ஒப்பந்தத்தில் சேர்ப்பது பழக்கம்.

ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சு குடிவந்தாச்சு. முன்னாடி இருந்தவரோட பத்து வருஷப் பாக்கியை எங்களைக் கட்டச் சொல்றாங்க. கட்டணுமா?

கட்ட வேண்டியதில்லை. வீடு கைமாற நகராட்சியின் கிளியரன்ஸ் சான்றிதழ் வேண்டும். ஆனால் நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 118-ஆம் பிரிவுப்படி அது கடைசி இரண்டு வருடப் பாக்கிக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய பாக்கி அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். அதைப் புது உரிமையாளர் தலையில் கட்டப் பல நகராட்சிகள் பார்த்தன. 2017 ஆகஸ்ட் 29 அன்று, ஷ்வானே மாநகராட்சிக்கு எதிரான யோர்டான் வழக்கில், வீடு புது உரிமையாளர் பெயருக்கு மாறிய பின் பழைய கடன் அந்த வீட்டின் மேல் நிற்காது என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழையவரிடம் வசூலிப்பது நகராட்சியின் வேலை.

பெயர் மாறிய தேதி உள்ள பத்திர நகல், கிளியரன்ஸ் சான்றிதழ் நகல், குடிவந்த நாளின் மீட்டர் படங்கள் மூன்றையும் இணைத்து, தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். ரெஃபரன்ஸ் எண் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். உங்கள் பெயரில் வரும் நடப்பு மாதத் தொகையை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டே இருங்கள். அதை நிறுத்தினால் அந்தப் பாக்கி உங்களுடையதாகிவிடும்; துண்டிக்கவும் அது காரணமாகிவிடும். பதில் வராவிட்டால், பத்திரம் முடித்துக்கொடுத்த வழக்கறிஞரிடமே ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்.